விருதும் பெயர்ப்பதிவும்: ஏதென்சிலிருந்து முள்ளியவளை வரை

கிரேக்க நாடக மேடையிலும் திரையிலும் பெரும்புகழ் ஈட்டியவர் திமித்ரிஸ் ஹோர்ன். 1921இல் பிறந்து 1998 சனவரியில் மறைந்தார். அவர் மறைந்து சில ஆண்டுகளில், நம்பிக்கை தரும் இளம் நடிகர் ஒருவருக்கு அவர் பெயரால் ஆண்டுதோறும் விருது வழங்கும் வழக்கம் ஏதென்சில் ஏற்பட்டது. இளம் நடிகையருக்கான விருதொன்று பின்னர் மெலினா மெர்கூரியின் பெயரால் தோன்றியது. மெர்கூரி நடிகையாக விளங்கியதோடு கிரேக்கத்தின் பண்பாட்டு அமைச்சராகவும் இருந்தவர்.

வன்னிப் பெருநிலத்தின் கூத்தைப் பற்றி எழுத வந்தவன் ஏதென்சில் ஏன் தொடங்குகிறான் என்று வாசகர் வினவலாம். காரணம் உண்டு. விருது என்பது பாராட்டு மட்டுமன்று, அது ஒரு பதிவேடும் ஆகும். இந்த உண்மையை முதலில் உணர்ந்து செயற்பட்டோருள் ஏதென்சு நகரத்தார் முக்கியமானவர்கள்.

அந்நகரில் தியோனிசஸ் கடவுளுக்கு எடுத்த பெருவிழாவில் நாடகப் போட்டிகள் நடைபெற்றன. தொடக்கத்தில் பரிசு நாடகம் எழுதிய புலவருக்கே உரியதாயிருந்தது. கி.மு. 449 அளவிலேதான் துன்பியல் நாடகத்தின் முதன்மை நடிகருக்கும் தனிப் பரிசு ஏற்படுத்தப்பட்டது. எழுதியவன் வேறு, ஆடியவன் வேறு, ஆடியவனின் ஆற்றலுக்கும் தனி மதிப்புண்டு என்பதை ஓர் அரசு ஏற்றுக்கொண்ட நிகழ்ச்சி அது. வென்றோரின் பெயர்களை ஆண்டுவாரியாகக் கல்லிலும் பொறித்தார்கள். உடைந்து சிதறிய அக்கல்வெட்டுத் துண்டுகளைப் பொருத்தி, இருபத்துநான்கு நூற்றாண்டுகளுக்கு முன் ஆடிய நடிகர்களின் பெயர்களை ஆய்வாளர் இன்று படிக்கின்றனர்.

இனி வன்னிக்கு வருவோம். முல்லைத்தீவில் நந்திக்கடலின் கரையிலே வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் உள்ளது. மதுரையை எரித்த கண்ணகி ஈழம் வந்து பல இடங்களில் தங்கிப் பத்தாவதாக அமர்ந்த இடம் இது என்பது ஐதீகம். வைகாசிப் பொங்கலின்போது கடல்நீரில் விளக்கெரியும் அதிசயத்தைக் காண மக்கள் திரளுவர். அப்பொங்கலோடு இணைந்தது முள்ளியவளைக் காட்டு விநாயகர் கோயில். இந்தக் கண்ணகி வழிபாட்டுச் சூழலிலே வளர்ந்ததுதான் முல்லைத்தீவின் கோவலன் கூத்து. யானையை அடக்கிய வன்னிப் பெண் அரியாத்தையின் கதையும் இம்மண்ணில் ஒப்பாரியாகவும் கூத்தாகவும் வாழ்ந்தது.

கூத்துக்கு இளைஞனைத் தேர்ந்தவர் அண்ணாவியார். குரல், தாளக்கட்டு, நினைவாற்றல், இரவு முழுதும் நின்று ஆடும் உடல்வலு ஆகியவற்றை அவர் பார்த்தார். மாதக்கணக்கில் பழக்கி, சலங்கை கட்டி, ஊரின் முன்னே அரங்கேற்றினார். ஒரே பாத்திரத்தை இருவர் மூவர் பகிர்ந்து ஆடும் வழக்கம் ஈழத்துக் கூத்தில் உண்டு. விடியும்வரை நீளும் ஆட்டத்துக்கு அது தேவையாயிருந்தது. முதிர்ந்தவனின் பக்கத்திலே இளையவன் வளரவும் அது வழி செய்தது. நன்றாக ஆடியவனுக்குச் சால்வையும் சன்மானமும் ஊராரின் புகழும் கிடைத்தன. பின்னாளில் அவனே அண்ணாவியாரானால் அதுவே பெரும் பட்டம்.

இம்முறையின் குறையையும் மறைக்கக்கூடாது. பல ஊர்களில் அரச வேடம் ஆற்றலைப் பார்த்து வழங்கப்படவில்லை. குடும்பத்தின் செல்வாக்கும் சாதியும் அதைத் தீர்மானித்தன. ஏட்டிலும் கொப்பியிலும் பாட்டு இருந்தது, சில வேளை பாடிய புலவரின் பெயரும் இருந்தது. எந்த ஆண்டில் எவன் கோவலனாக ஆடினான், எவன் கண்ணகியாகப் பெண்வேடம் பூண்டான் என்பவற்றுக்கு ஊரின் நினைவே பதிவேடாக இருந்தது.

1950களின் பிற்பகுதியில் இலங்கைக் கலைக்கழகத்தின் தமிழ் நாடகக் குழுவுக்குத் தலைமை ஏற்ற பேராசிரியர் சு. வித்தியானந்தன் கூத்தின் வரலாற்றைத் திருப்பினார். அண்ணாவிமாரை மதித்து மேடைக்கு அழைத்தார். மட்டக்களப்பின் அலங்காரரூபன் நாடகத்தை 1962இலும், மன்னாரின் மூவிராசாக்கள் நாடகத்தை 1966இலும் அச்சேற்றினார். பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு கர்ணன் போர், இராவணேசன் முதலியவற்றை மேடையேற்றினார். இராவணேசனில் இராவணனாக ஆடிய மாணவர் சி. மௌனகுரு பின்னாளில் பேராசிரியராகி, கூத்தை ஆராய்ந்து எழுதியும் பயிற்றுவித்தும் வருபவரானார். இளைஞன் ஒருவனுக்கு உரிய வேளையில் வாய்ப்பளித்தால் அது ஒரு துறையையே வளர்க்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

வன்னியின் நவீன நாடகத்தில் நாம் முதலில் நினைப்பது முள்ளியவளையைச் சேர்ந்த முல்லைமணி வே. சுப்பிரமணியம் எழுதிய பண்டாரவன்னியன் நாடகத்தையே. 1803இல் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிய வன்னி மன்னனை நாடகம் மக்கள் மனத்தில் நிறுத்தியது. இங்கும் நாயகனின் பெயரை அறிவோம், நாடகாசிரியரின் பெயரை அறிவோம். ஊர்தோறும் அவ்வேடம் புனைந்த இளைஞர்களின் பெயர்களை எத்தனை பேர் அறிவோம்?

ஊரின் நினைவு என்ற அந்தப் பதிவேடும் நிலைக்கவில்லை. 2004 திசெம்பர் 26இல் ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையை அள்ளிச் சென்றது. 2009 மே மாதத்தில் போர் அதே நந்திக்கடலின் ஓரத்திலே முடிவுற்றது. கிளிநொச்சியிலிருந்தும் முல்லைத்தீவிலிருந்தும் மக்கள் மீண்டும் மீண்டும் இடம்பெயர்ந்து, கையிலிருந்ததையெல்லாம் வழியிலே விட்டுச் சென்றனர். உயிரைக் காக்க ஓடுபவர் கூத்துக் கொப்பியைக் காப்பாற்ற முடியுமா? நினைவில் வைத்திருந்தோரும் மாண்டனர். எஞ்சியோர் வவுனியா முகாம்களிலும் பின்னர் உலகின் பல திசைகளிலும் சிதறினர்.

இலங்கை அரசின் கலாபூஷணம் விருது மூத்த கலைஞருக்குரியது. அது வேண்டியதே. எனினும் அது நடந்து முடிந்த வாழ்வுக்குச் செலுத்தும் நன்றி. இளையோருக்கான விருது இனி நடக்கவிருப்பதன்மீது வைக்கும் நம்பிக்கை. இந்தியாவின் சங்கீத நாடக அகாதமி 2006இல் உஸ்தாத் பிஸ்மில்லா கான் பெயரால் நாற்பது வயதுக்குட்பட்ட கலைஞருக்கு விருது ஏற்படுத்தியது. இலங்கையின் வட மாகாணத்திலும் இளங்கலைஞர் விருது வழங்கப்பட்டுள்ளது. இவை பல கலைகளுக்கும் பொதுவானவை. கூத்தாடும் இளையோருக்கெனத் தனியே ஒன்று வன்னியில் வேண்டும் என்பதே என் வாதம்.

கூத்து கூட்டுக்கலை, ஒருவனை உயர்த்தினால் குழு உடையும் என்று மூத்தோர் சிலர் அஞ்சலாம். அது நியாயமான அச்சமே. ஏதென்சிலும் நடிகனுக்குப் பரிசளித்தவர்கள் புலவரையும் விழாச் செலவை ஏற்ற செல்வரையும் சேர்த்தே கல்லில் பொறித்தனர். நாமும் அவ்வாறு செய்யலாம். ஆண்டுக்கொருமுறை ஓர் இளைஞருக்கோ இளம் பெண்ணுக்கோ, குடும்பம் பாராது ஆற்றலைப் பார்த்து, சலங்கை ஒன்றைப் பரிசாக அளிக்கலாம். அதனோடு அவ்வாண்டு ஆடிய அனைவரின் பெயரையும், அண்ணாவியார், மத்தளகாரர், பிற்பாட்டுக்காரர் உட்பட, அச்சிட்டு ஊர் நூலகத்திலும் பாடசாலையிலும் வைக்கலாம்.

இதற்குப் பெருந்தொகை தேவையில்லை. புலம்பெயர்ந்த நாடுகளிலுள்ள ஊர்ச்சங்கம் ஒன்று ஓர் ஆண்டு விழாவுக்குச் செலவிடும் பணத்தில் பல ஆண்டுகளுக்கு இது நடக்கும். கல்லில் பொறித்தவர்களின் பெயர் உடைந்த துண்டிலும் வாழ்கிறது. நம் ஊர்ப் பெயர்களை முதலில் ஒரு தாளிலாவது எழுதி வைப்போம்.