இயற்கை ரப்பரில் குறுக்குப் பிணைப்பு: பலூனும் டயரும்

இயற்கை ரப்பரின் நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலிகளை ஒன்றோடொன்று கட்டும் இணைப்புகள் குறுக்குப் பிணைப்புகள் எனப்படும். கச்சா ரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். 1839-இல் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர் அதைக் கந்தகத்துடன் சூடாக்கி இக்குறையைப் போக்கினார். கந்தகம் சங்கிலிகளைப் பிணைத்ததே காரணம். இம்முறை வல்கனைசேஷன் எனப் பெயர் பெற்றது.

பிணைப்பின் அளவு பொருளை எப்படி மாற்றுகிறது என்பதை ஒரு சென்னை நிறுவனத்தின் வரலாற்றில் காணலாம். 1946-இல் கே. எம். மாம்மன் மாப்பிள்ளை திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பலூன்கள் தயாரிக்கத் தொடங்கினார். 1952-இல் தேய்ந்த டயரின் மேல் ஒட்டும் டிரெட் ரப்பர் தயாரிப்பில் இறங்கினார். அந்நிறுவனமே எம்.ஆர்.எஃப்.; புதுச்சேரியிலும் அதற்கு டயர் ஆலை உண்டு. பலூன் பன்மடங்கு விரிய வேண்டும். எனவே பிணைப்புகள் குறைவாக இருக்க வேண்டும். சாலையில் உராயும் டிரெட்டுக்கு விறைப்பு வேண்டும். பிணைப்புகளோடு கார்பன் கரியும் அதைத் தருகிறது. கந்தகத்தை மிகுதியாகச் சேர்த்தால் ரப்பர் எபோனைட் என்னும் கடினப் பொருளாகிவிடும்.

பெட்ரோலில் இட்டால் கச்சா ரப்பர் உப்பிக் கரையும். பிணைக்கப்பட்ட ரப்பர் உப்புமே தவிரக் கரையாது. பிணைப்பு கூடக்கூட உப்புதல் குறையும். 1943-இல் பால் ஃபுளோரியும் ஜான் ரெனரும் இவ்வுறவைச் சமன்பாடாக்கினர். உப்பிய அளவிலிருந்து பிணைப்புகளின் அடர்த்தியைக் கணக்கிட அது இன்றும் பயன்படுகிறது.

டயருக்கு உறுதி தரும் இதே பிணைப்புகளால்தான் பழைய டயரை உருக்கி மீண்டும் வார்க்க முடிவதில்லை. டிரெட் ரப்பர் ஒட்டினால் அது மறுபடி சாலையில் ஓடும்.