இருப்பில் உள்ளபடியே

மொழிபெயர்ப்புத் தொழிலில் சில சொற்கள் எளியவை போலத் தோன்றி ஏமாற்றிவிடும். ‘ஸ்டாக்’ என்பது அவற்றுள் ஒன்று. அலுவலகக் கோப்புகளில் அஃது எப்பொழுதும் ‘இருப்பு’. ஸ்டாக் ரெஜிஸ்டர் ‘இருப்புப் பதிவேடு’. பல ஆண்டுகளாக நாமும் அவ்வாறே எழுதி வருகிறோம். சென்ற கோடை விடுமுறையில், தில்லியில் நம் குடியிருப்பின் மாடி வீட்டில் வாழும் தஞ்சாவூர்க் குடும்பத்துப் பையன் ஓர் அட்டைப் பெட்டியுடன் வந்து நின்றான். “மாமா, இதில் ஸ்டாக் கார் என்று போட்டிருக்கிறதே, இருப்புக் கார் என்றா சொல்வது?” என்று கேட்டான். பெட்டிக்குள் சின்னஞ்சிறு பிளாஸ்டிக் உறுப்புகள் சட்டத்தோடு பிணைந்து கிடந்தன. நகைத்து அனுப்பிவிடத்தான் எண்ணினோம். ஆனால் ஆராய்ந்து பார்த்தபோது பையன் சொன்னதில் தவறில்லை என்று தெரியவந்தது.

அமெரிக்காவில் கார் விற்பனையாளரின் கொட்டகையில் விற்பனைக்கென இருப்பில் நிற்கும் சாதாரண வண்டி எதுவோ அதுவே ஸ்டாக் கார். பந்தயத்திற்கெனத் தனியே செய்யப்பெறாத வண்டி என்பது பொருள். 1920 முதல் 1933 வரை அந்நாட்டில் மதுவிலக்கு நிலவியது. அக்காலத்திலும், அதன் பின்னர் வரி கட்டாமல் சாராயம் விற்ற காலத்திலும், தென்மாநிலத்து மலைப்பாதைகளில் இரவோடிரவாகச் சரக்கேற்றிச் சென்ற இளைஞர்கள், காவலரின் வண்டியை முந்தும்பொருட்டுத் தம் கார்களின் இயந்திரத்தைச் செப்பனிட்டு வேகமூட்டினர். வெளித்தோற்றம் சாதுவாக இருக்கவேண்டும். உள்ளே வேகம் இருக்கவேண்டும். ஓய்வு நாட்களில் யார் வண்டி விரைவானது என்று தமக்குள் போட்டியிட்டனர். இப்போட்டிகளை ஓர் ஒழுங்கிற்குள் கொணரும் நோக்குடன் பில் பிரான்ஸ் என்பார் 1947 டிசம்பரில் டேட்டோனா கடற்கரையில் ஒரு ஹோட்டலில் கூட்டம் கூட்டினார். நாஸ்கார் என்று சுருக்கமாக அழைக்கப்பெறும் சங்கம் 1948 பிப்ரவரியில் பதிவாயிற்று.

அச்சங்கம் ‘முற்றிலும் ஸ்டாக்’ என்ற விதியுடன் நடத்திய முதற் பந்தயம் 1949 ஜூன் 19 அன்று சார்லட் நகரின் மண் தடத்தில் நிகழ்ந்தது. 200 சுற்றுகள் முடிந்தபோது முதலில் வந்தவர் கிளென் டனவே. அவர் ஓட்டியது ஒரு போர்டு. பரிசோதகர் வண்டியின் அடியில் நோக்கினார். பின்புற ஸ்பிரிங்குகள் மாற்றி அமைக்கப்பெற்றிருந்தன. சாராயம் ஏற்றும் வண்டிகளுக்குச் செய்யும் வேலை அது! வெற்றி ரத்தாயிற்று, லிங்கன் கார் ஓட்டிய ஜிம் ரோப்பருக்குப் பரிசு சென்றது. போர்டின் சொந்தக்காரர் வழக்காடிப் பார்த்தார், பயனில்லை. ஆக, ‘ஸ்டாக்’ என்ற சொல்லுக்குப் பொருள் யாது என்ற தகராறு அவ்விளையாட்டின் முதல் நாளிலேயே பிறந்துவிட்டது.

அந்தப் போர்டு இன்று எங்கே என்று வினவுதல் வீண். பந்தயக் காரைப் போற்றி வைத்தல் அன்றைய வழக்கமன்று. மோதி நொறுங்கியது போக எஞ்சியதை அடுத்தவருக்கு விற்றனர். வாங்கியவர் வேறு எண் தீட்டி ஓட்டினார். அடுத்த ஆண்டு மேற்கூட்டைக் கழற்றிப் புதிய கூட்டைப் பொருத்தினர். இறுதியில் பழைய இரும்பாயிற்று. புகழ்பெற்ற ஓட்டுநர்களின் வண்டிகள் சில அருங்காட்சியகங்களில் உள்ளன. ஏனையவை புகைப்படங்களில் மட்டுமே உள்ளன. பழைய ஸ்டாக் கார்களின் சிறு மாதிரி செய்வோரின் உழைப்பை விளையாட்டு என்று தள்ளிவிட இயலாதது இதனாலேயாம்.

மாதிரிகளும் ‘இருப்பி’லிருந்தே பிறந்தன என்பது வியப்பு. 1948-இல் தொடங்கிய ஏ.எம்.டி. என்னும் நிறுவனம் கார் விற்பனையாளர்களுக்காகச் சிறு கார்களைச் செய்து தந்தது. முதலில் அலுமினியம்; நிறுவனப் பெயரின் முதலெழுத்தே அதைத்தான் குறிக்கும். பின்னர் பிளாஸ்டிக். விற்பனையாளர் அச்சிறு காரை வாடிக்கையாளரின் குழந்தைக்கு அளிப்பார். புதிய வண்ணங்களைக் காட்டவும் பயன்படுத்துவார். தொடக்க காலத்து அசிடேட் பிளாஸ்டிக் நாளாக ஆக வளைந்து கோணிவிடும் இயல்பினது. அதன் பின்னர் வந்த பாலிஸ்டைரீன் வளையாது நின்றது. 1958-இல் அதே நிறுவனம் உறுப்புகளைப் பிரித்துப் பெட்டியிலிட்டு விற்கத் தொடங்கியது. ஒரே பெட்டியைக் கொண்டு கடையில் வந்தபடியோ, அலங்கரித்தோ, பந்தய வண்டியாகவோ செய்யலாம். அளவு 25-இல் ஒரு பங்கு. ஜோஹன், எம்.பி.சி. ஆகியவை தொடர்ந்து வந்தன. மானோகிராம் 1983-இல் 24-இல் ஒரு பங்காகத் தன் நாஸ்கார் வரிசையைத் தொடங்கியது.

இனி வேலையைப் பார்ப்போம். 18 அடி நீளமுள்ள கார் 25-இல் ஒரு பங்காகும்போது 9 அங்குலத்திற்குச் சற்றுக் குறைவு. உள்ளங்கையும் விரல்களும் தாங்கும் அளவு. ஆனால் குற்றங்களோ 25 மடங்கு பெரிதாகின்றன. மாதிரியின் மேல் 0.1 மில்லிமீட்டர் கனத்திற்கு வண்ணம் படிந்தால், உண்மைக் காரில் அது 2.5 மில்லிமீட்டர் பூச்சுக்குச் சமம். கதவின் விளிம்புக் கோடுகள் மூழ்கிவிடும். ஆதலின் நீர் தோய்த்த உப்புத்தாளால் தேய்த்து, மெல்லிய பிரைமர் தெளித்து, உலரவிட்டு, மீண்டும் தேய்த்து, அதன்மேல் வண்ணம் தெளிக்கின்றனர். பிரைமர் இன்றிக் காரமான லாக்கரைத் தெளித்தால் பிளாஸ்டிக் வெடித்துச் சுருங்கும். ஒட்டுவதும் வழக்கமான பசையால் அன்று. இரு விளிம்பையும் சற்றே கரைத்து ஒன்றாக்கும் திரவத்தால். அவசரப்பட்டால் விரல் ரேகை மேற்கூட்டில் என்றென்றும் பதிந்துவிடும். பையனின் முதல் காரில் அவன் கட்டைவிரலே நிறுவன முத்திரையாக விளங்குகிறது.

எந்த ஆண்டு வண்டி என்பதைப் பொறுத்து வேலை மாறும். 1949-ஆம் ஆண்டு வண்டியெனில் இருக்கைகள் அப்படியே இருக்க வேண்டும். முகவிளக்கின்மேல் நாடா ஒட்டி, கதவைத் திறவாதபடி வாரால் கட்டினால் போதும். 1960-களின் நடுவில் வந்த வண்டியெனில் பின்னிருக்கையை அகற்றி, ஓட்டுநரைச் சுற்றி இரும்புக் குழாய்க் கூடு அமைக்க வேண்டும். 1¾ அங்குலக் குழாய் மாதிரியில் ஏறக்குறைய 1.8 மில்லிமீட்டர் கம்பியாகும். பெட்டியில் அது இல்லையெனில் பிளாஸ்டிக் கம்பியை வெந்நீரில் காட்டி வளைத்துக்கொள்வர்.

வண்ணமும் காலக்கணக்கே. ரிச்சர்டு பெட்டியின் 43-ஆம் எண் வண்டி வெளிர் நீலத்திற்குப் பெயர் பெற்றது. 1972-இல் எஸ்.டி.பி. நிறுவனம் ஆதரவளித்தபோது அதனோடு சிவப்பும் சேர்ந்தது. 1970-இல் அவர் ஓட்டிய பிளிமத் சூப்பர்பேர்டு மாதிரியில் சிவப்புத் தீட்டியவனைப் பழகியவர்கள் மன்னிப்பதில்லை. அந்தச் சூப்பர்பேர்டே ஒரு வேடிக்கை. காற்றைக் கிழிக்கும் கூர்மூக்கும், பின்னால் ஏறத்தாழ இரண்டடி உயர இறக்கையும் பூண்ட அவ்வண்டியைப் பொதுமக்களுக்கும் விற்றாலன்றிப் பந்தயத்தில் விடமாட்டோம் என்றது விதி. ஏறக்குறைய 1,900 வண்டிகள் செய்தனர். வாங்குவோர் தயங்கினர். பல வண்டிகள் விற்பனையாளரிடம் நெடுநாள் தங்கிவிட்டன. சிலர் மூக்கையும் இறக்கையையும் கழற்றிவிட்டு விற்றதும் உண்டு. ‘இருப்புக் கார்’ என்ற பெயர் வேறு எதற்கு இவ்வளவு பொருந்தும்!

புகைப்படமே மாதிரி செய்வோரின் சான்று. பந்தயத்திற்கும் அதுவே சான்றாகியதுண்டு. 1959-இல் முதலாவது டேட்டோனா 500 பந்தயத்தில் ஜானி போசாம்ப் வென்றதாக அறிவித்தனர். படங்களைத் திரட்டி ஆராய்ந்த பின், மூன்று நாள் கழித்து, லீ பெட்டியே வென்றார் என்று தீர்ப்பாயிற்று. மூன்று நாளில் தீர்ந்த வழக்கு அது. தீராத வழக்கு ஒன்றும் உண்டு.

வெண்டல் ஸ்காட் வர்ஜீனியாவின் டான்வில் ஊரினர், கறுப்பினத்தவர். இரண்டாம் உலகப் போரில் படையில் பணியாற்றியவர், டாக்சி ஓட்டியவர், தம் வண்டியைத் தாமே பழுது பார்த்தவர். 1963 டிசம்பர் 1 அன்று புளோரிடாவின் ஜாக்சன்வில் மண் தடத்தில் 34-ஆம் எண் செவ்ரோலே காரில் அவர் முதலாவதாக வந்தார். ஆயினும் கொடி காட்டப்பெற்றது பக் பேக்கர் என்ற வெள்ளையருக்கு. கோப்பையும் அவர் கைக்கே சென்றது. பல மணி நேரம் கழித்து, கூட்டம் கலைந்த பின்னர், 200 சுற்றுப் பந்தயத்தில் ஸ்காட் 202 சுற்று ஓடியிருந்தார் என்பது ஒப்புக்கொள்ளப்பெற்றது. எண்ணிக்கைப் பிழை என்றனர். இரண்டு சுற்றுகள் எவர் கண்ணிலும் படாமற் போனது எவ்வாறு என்பதற்கு நாம் விளக்கம் எழுத வேண்டியதில்லை. ஸ்காட் 1990-இல் மறைந்தார். அவ்வெற்றிக்கான கோப்பையைச் சங்கம் அவர் குடும்பத்தாரிடம் அளித்தது 2021 ஆகஸ்டு 28 அன்று. அவர் பிறந்து 100 ஆண்டு நிறைவதற்கு முந்தைய நாள்.

இவ்வரலாற்றைப் பையனிடம் கூறினோம். சில நாள் அவன் வரவில்லை. பின்னர் 1962-ஆம் ஆண்டு செவ்ரோலே பெட்டி ஒன்றைச் சேமிப்புப் பணத்தில் தருவித்திருப்பதாகச் சொன்னான். 34 என்ற எண்ணைத் தானே தாளில் வரைந்து, அச்சிட்டு, நீரில் ஊறவைத்து ஒட்டப் போகிறானாம். பழைய படங்கள் நான்கைந்தை நம் மேசைமேல் பரப்பினான். எண்ணின் எழுத்து வடிவம் ஒன்றுக்கொன்று வேறுபட்டது. எது அந்த டிசம்பர் நாளுக்கு உரியது என்று இருவரும் உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். வண்டியைப் பந்தயத்திற்கு முன் இருந்தபடி பளபளப்பாக வைப்பதா, முடிந்தபின் மண் படிந்தபடி வைப்பதா என்று கேட்டோம்.

“முடிந்த பின்தான் மாமா. 202 சுற்று மண் இருக்க வேண்டும்” என்றான்.