உடம்பில் செல் துண்டு இருப்பவர் காந்தப் பாயில் படுக்கலாமா?

கண்டி நகரிலும் கட்டுகஸ்தோட்டை, பேராதனை, கம்பளைப் பக்கங்களிலும் ஒரே சாயலில் அமைந்த சில மண்டபங்களைப் பார்த்திருக்கிறேன். மாடியில் ஒரு நீளமான அறை. வரிசையாகக் கட்டில்கள் அல்லது பிளாஸ்டிக் கதிரைகள். ஒவ்வொன்றிலும் வயர் பூட்டிய பாய், மெத்தை அல்லது இடுப்புப் பட்டி. அரை மணித்தியாலம் படுத்தால் கட்டணம் இல்லை. நாளைக்கும் வரலாம், பத்து நாளும் வரலாம். பதினோராம் நாளில் விலை சொல்வார்கள். அது ஒரு தோட்டத் தொழிலாளியின் பல மாதச் சம்பளம். தவணையிலும் தருவார்கள்.

சுவரில் நோய்களின் பட்டியல் தொங்கும். முழங்கால் தேய்வு, நாரி நோ, சீனி வருத்தம், பிரஷர், பாரிசவாதம், சிறுநீரகம், சில இடங்களில் புற்றுநோயும். இத்தனை நோயையும் ஒரே பாய் எப்படி மாற்றும் என்று கேட்டால், “கலங்களுக்குச் சக்தி ஏற்றுகிறது” என்பதே பதில்.

அங்கே போகிறவர்களை ஏமாளிகள் என்று எழுத எனக்கு மனமில்லை. பெரிய வைத்தியசாலைக் கிளினிக்கில் விடியற்காலை போய் நம்பர் எடுத்துக் காத்திருந்தால், வைத்தியரிடம் கிடைப்பது சில நிமிடங்கள். அதுவும் பெரும்பாலும் சிங்களத்தில். மண்டபத்திலோ ஒரு பிள்ளை தமிழில் “அம்மா, எங்க நோகுது?” என்று கேட்டு, பதில் முடியும்வரை காத்திருக்கிறது. வலியோடு வாழ்கிறவர்களுக்கு அதன் பெறுமதி தெரியும்.

இன்னொரு காரணமும் உண்டு. நான் ஊடகம் படித்தவன் என்பதால் அங்கே முதலில் கண்ணில் பட்டது மைக். ஒவ்வோர் அமர்விலும் யாராவது எழுந்து, தான் எப்படி வந்தார், இப்போது எப்படி நடக்கிறார் என்று சொல்கிறார். போரைக் கடந்து வந்த நாங்கள் சாட்சியத்தால் வாழ்ந்தவர்கள். ஆவணம் இல்லாத இடத்தில் ஆளின் வார்த்தையே எங்களுக்கு ஆதாரமாக இருந்தது. அதனால் ஒருவர் எழுந்து நின்று “எனக்குச் சுகம் வந்தது” என்று சொல்லும்போது அவரைச் சந்தேகிக்க எங்களால் எளிதில் முடிவதில்லை. அவர் பொய் சொல்லவில்லை என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் சுகம் வராதவர் அந்த மண்டபத்துக்குத் திரும்பி வருவதில்லை. அவரிடம் யாரும் மைக்கைக் கொடுப்பதும் இல்லை.

சாதனத்துக்குள் இருப்பது சிக்கலான ஒன்றல்ல. செம்புக் கம்பிச் சுருளில் மின்சாரத்தை விட்டுவிட்டுப் பாய்ச்சினால் அதைச் சுற்றி மாறிக்கொண்டிருக்கும் காந்தப் புலம் உண்டாகும். மாறும் காந்தப் புலம் பக்கத்தில் உள்ள கடத்தியில் மின்னோட்டத்தைத் தூண்டும் என்று மைக்கேல் பரடே 1831இல் காட்டினார். எங்கள் உடம்பு உப்புத் தண்ணீர் நிறைந்த ஒரு கடத்தி. ஆகவே உடம்பில் மிகச் சிறிய மின்னோட்டம் தூண்டப்படும் என்பது உண்மை. அந்த அளவு மின்னோட்டம் ஏதாவது செய்யுமா, எந்த நோயில் செய்யும் என்பதில்தான் கேள்வி.

இரத்தத்தில் இரும்பு இருப்பதால் காந்தம் அதை இழுத்து ஓட்டத்தைக் கூட்டுகிறது என்ற விளக்கத்தை மட்டும் உடனே தள்ளிவிடலாம். இரத்தத்தில் உள்ள இரும்பு ஆணியில் உள்ள இரும்பைப் போல நடப்பதில்லை. காந்தம் அதைப் பிடித்து இழுக்காது. எம்.ஆர்.ஐ. இயந்திரத்தின் புலம் வழக்கமாக 1.5 டெஸ்லா. பூமியின் காந்தப் புலத்தைவிட அது 30,000 மடங்குக்கும் அதிகம். இரத்தம் காந்தத்தால் இழுபடுவதாக இருந்தால் எம்.ஆர்.ஐ. எடுத்த ஒருவரும் உயிரோடு வெளியே வந்திருக்க முடியாது. வீட்டில் விரிக்கும் பாய்களின் புலம் அதோடு ஒப்பிடவே முடியாத அளவு சிறியது.

மின்காந்தத்துக்கு மருத்துவத்தில் இடமே இல்லை என்பதும் சரியல்ல. 1957இல் ஜப்பானிய ஆய்வாளர்களான புகாடாவும் யசுடாவும், எலும்பை அழுத்தும்போது அதில் சிறு மின்னழுத்தம் உண்டாவதைக் காட்டினார்கள். அப்படியானால் வெளியிலிருந்து மின் தூண்டல் கொடுத்து எலும்பை வளர்க்கலாமா என்று நியூயோர்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அன்ட்ரூ பசெட் முயன்றார். முறிந்து பல மாதமாகியும் பொருந்தாத எலும்புகளுக்கு இந்தத் துடிப்புப் புலத்தைப் பயன்படுத்த அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 1979இல் அனுமதி கொடுத்தது. இன்றைக்கும் பாய் விற்பவர்கள் “அமெரிக்காவே அங்கீகரித்தது” என்று சொல்வதன் வேர் இதுதான். அந்த அனுமதி பொருந்தாத எலும்புக்கு, ஒரு குறிப்பிட்ட சாதனத்துக்குக் கிடைத்தது. சீனி வருத்தத்துக்கோ சிறுநீரகத்துக்கோ அல்ல.

அந்த எலும்பு விடயத்திலும் கதை நேராகப் போகவில்லை. இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகரில் அன்டனி பாக்கரும் அவருடைய குழுவினரும், பொருந்தாத கீழ்க்கால் எலும்போடு வந்த 16 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினருக்கு வேலை செய்யும் சாதனம், மற்றவர்களுக்குப் பார்வைக்கு அதே மாதிரியான வெற்றுச் சாதனம். யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, சோதிக்கும் வைத்தியருக்கும் தெரியாது. 1984இல் வந்த முடிவின்படி உண்மைச் சாதனம் பெற்ற 9 பேரில் 5 பேருக்கும் வெற்றுச் சாதனம் பெற்ற 7 பேரில் 5 பேருக்கும் எலும்பு பொருந்தியது. காலை அசையாமல் மாவுக்கட்டுப் போட்டு வைத்திருந்ததே பெரிய மருந்தாக இருந்திருக்கலாம். சிறிய ஆய்வுதான், அதை வைத்து முழுத் துறையையும் மூடிவிட முடியாது. ஆனால் வெற்றுச் சாதனத்தோடு ஒப்பிடாமல் சொல்லப்படும் எந்தச் சுகத்தையும் ஏன் நம்பக்கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. இதே பாக்கர் காந்தத்தின் எதிரியும் அல்ல. அடுத்த வருடமே, 1985இல், தலைக்கு வெளியே சுருளை வைத்து மூளையைத் தூண்டும் முறையை உருவாக்கியவர் அவர்தான். மருந்துக்கு மசியாத மனச்சோர்வுக்கு அந்த முறை 2008 முதல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்ட சிகிச்சை. அதன் துடிப்பு டெஸ்லா கணக்கில் இருக்கும், கொடுப்பது பயிற்சி பெற்றவர்கள்.

எங்கள் பெற்றோர் அதிகம் கேட்பது முழங்கால் தேய்வைப் பற்றி. 2013இல் கொக்ரேன் நிறுவனம் வெளியிட்ட மீளாய்வு, 636 பேர் பங்குபற்றிய 9 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. வலியை 100 புள்ளி அளவில் வைத்தால், மின்காந்த சிகிச்சை பெற்றவர்களுக்கு வெற்றுச் சிகிச்சை பெற்றவர்களைவிடச் சுமார் 15 புள்ளி அதிகமாகக் குறைந்தது. நடமாட்டத்திலும் வாழ்க்கைத் தரத்திலும் தெளிவான நன்மை தெரியவில்லை. அதாவது நோ கொஞ்சம் ஆறலாம். தேய்ந்த குருத்தெலும்பு பாயில் படுத்து வளர்ந்துவிட்டது என்பதற்கு இது ஆதாரமல்ல.

புற்றுநோய்க்கு வருவோம். மூளையில் வரும் ஒரு கொடிய கட்டிக்கு, மொட்டையடித்த தலையில் ஒட்டிக்கொள்ளும் மின்புலச் சாதனம் 2011இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 2017இல் வெளியான பெரிய ஆய்வில், மருந்தோடு சேர்த்து அதை அணிந்தவர்களின் இடைநிலை ஆயுட்காலம் 20.9 மாதம், மருந்து மட்டும் எடுத்தவர்களுடையது 16 மாதம். உலகின் மிக நன்றாகச் சோதிக்கப்பட்ட மின்புலச் சாதனம் கொடுப்பதே ஐந்து மாதம்தான். பெங்களூரில் உருவான சைட்டோட்ரான் என்ற இயந்திரத்தின் பெயரும் எங்கள் ஆட்களிடையே அடிபடுகிறது. 2019இல் அதற்கு அமெரிக்காவில் கிடைத்தது “திருப்புமுனைச் சாதனம்” என்ற தகுதி. அது பரிசீலனையை விரைவுபடுத்தும் ஒரு வரிசை எண் மாதிரி. சுகப்படுத்துகிறது என்ற சான்றிதழ் அல்ல. இந்தியாவுக்குப் போகக் காணியை விற்க நினைக்கும் குடும்பங்களுக்கு இந்த வேறுபாடு தெரிந்திருக்க வேண்டும்.

இனி, மண்டபத்தில் கேட்கப்படுவதை நான் ஒருபோதும் காணாத கேள்வி: உங்கள் உடம்புக்குள் இரும்பு இருக்கிறதா?

வன்னியிலிருந்து 2009இல் வெளியே வந்தவர்களில் எத்தனையோ பேர் தொடையில், முதுகில், கழுத்தில் செல் துண்டோடு வாழ்கிறார்கள். கண்டிக்கும் இது வெளியூர்க் கதையல்ல. 1998 ஜனவரி 25ஆம் திகதி தலதா மாளிகை முன்னால் குண்டு வெடித்த ஊர் இது. எலும்பு முறிந்து தகடும் ஆணியும் வைத்தவர்கள் வேறு. உள்ளே துண்டு இருப்பது தெரியாதவர்களும் இருக்கிறார்கள்.

பலவீனமான காந்தப் பாய், வருடக்கணக்காகத் தசையில் இறுகிப்போன துண்டை அசைக்கும் சாத்தியம் மிகக் குறைவு. ஆபத்து மூன்று இடங்களில் இருக்கிறது. இயன்மருத்துவப் பிரிவுகளில் ஆழமான சூடு கொடுக்கப் பயன்படும் சோட்வேவ் இயந்திரம் 27.12 மெகாஹேர்ட்ஸில் வேலை செய்கிறது. அந்தப் புலம் உலோகத்தைச் சுற்றிக் குவிந்து உள்ளிருந்தே சுடும். செல் துண்டு, தகடு எல்லாவற்றுக்கும் இது பொருந்தும், காந்தத்தில் ஒட்டாத டைட்டேனியமும் விதிவிலக்கல்ல. மூளைக்குள் மின்கம்பி பொருத்தியிருந்த ஒருவர் இத்தகைய சூட்டுச் சிகிச்சைக்குப் பின் கடுமையான மூளைப் பாதிப்புக்கு உள்ளான சம்பவம் 2001இல் மருத்துவ இதழில் பதிவானது. பயிற்சி பெற்ற இயன்மருத்துவர் உலோகம் பற்றிக் கேட்டுவிட்டுத்தான் சுவிட்சைப் போடுவார். அவர் மறந்தால் நீங்கள் சொல்ல வேண்டும்.

இரண்டாவது எம்.ஆர்.ஐ. அது சிகிச்சை அல்ல, பரிசோதனை. ஆனாலும் உருக்குத் துண்டை அது அசைக்கக்கூடும். கண்ணில், முள்ளந்தண்டுக்குப் பக்கத்தில், பெரிய இரத்தக் குழாய்க்கு அருகில் துண்டு இருந்தால் விளைவு பாரதூரமானது. முன்கூட்டியே எக்ஸ்றே எடுத்துப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள்.

மூன்றாவது பலரும் நினைத்துப் பார்க்காதது. காந்தப் பாய் என்று விற்கப்படும் பலவற்றில் சூடாக்கும் கம்பியும் இருக்கிறது. பாவனையாளர் “சுகமாக இருக்கிறது” என்று சொல்வது பெரும்பாலும் அந்தச் சூட்டைத்தான். காயத்தில் நரம்பு அறுந்து விறைத்த காலுக்கும், சீனி வருத்தத்தால் உணர்ச்சி குறைந்த பாதத்துக்கும் சூடு தெரியாது. தோல் வெந்த பிறகுதான் கண்ணில் படும். அது ஆறாத புண்ணாகி, விரலையோ பாதத்தையோ எடுக்கும் நிலைக்குப் போகலாம். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்களும் கர்ப்பிணிகளும் இந்தப் பாய்கள் எதிலும் படுக்கக்கூடாது.

இவை எல்லாவற்றையும்விட நான் அதிகம் அஞ்சுவது குளிசையை நிறுத்துவதற்கு. பாயில் படுக்கும் பத்து நாளில் நோ குறைந்தால், சீனிக் குளிசையும் பிரஷர்க் குளிசையும் இனி வேண்டாம் என்று தோன்றும். சிலர் அப்படிச் சொல்லியும் கொடுக்கிறார்கள். சீனியும் பிரஷரும் நோகாத வருத்தங்கள். நோ குறைந்ததை வைத்து அவை குறைந்ததா என்று அறிய வழியே இல்லை.

வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் ஒன்றைக் கேளுங்கள். தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால் உருவானது. அதன் வேர் பேராதனை மருத்துவ பீடத்தின் பீடாதிபதியாக இருந்த சேனக பிபிலேயின் மருந்துக் கொள்கையில் இருக்கிறது. மாத்திரை மட்டுமல்ல, மருத்துவச் சாதனமும் அந்தச் சட்டத்துக்குள் வரும். பதிவில்லாமல் இறக்குமதி செய்யவோ விற்கவோ முடியாது. ஆகவே பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். அதில் எந்தப் பாவனைக்கு என்று எழுதியிருக்கிறது என்பதையும் பாருங்கள். “மசாஜ் சாதனம்” என்று கொண்டுவந்துவிட்டுச் சிறுநீரகத்துக்கு என்று விற்பவர் அந்த இடத்தில் தடுமாறுவார்.

முழங்காலுக்கும் நாரிக்கும் கண்டி தேசிய வைத்தியசாலையிலும் பேராதனை போதனா வைத்தியசாலையிலும் இயன்மருத்துவப் பிரிவுகள் உண்டு. திகனையில் புனர்வாழ்வு வைத்தியசாலை இருக்கிறது. மூன்றும் அரச வைத்தியசாலைகள், சிகிச்சை இலவசம். அங்கே சொல்லித்தரும் தொடைத்தசைப் பயிற்சி முழங்கால் தேய்வுக்கு எந்தப் பாயையும்விட உறுதியான ஆதாரம் உள்ள சிகிச்சை. மொழி பயமாக இருந்தால் சிங்களம் தெரிந்த பிள்ளை ஒருவரைக் கூட்டிப் போங்கள். பழைய எக்ஸ்றே இருந்தால் அதையும் எடுத்துச் செல்லுங்கள். இல்லாவிட்டால் காயம் எங்கே பட்டது, துண்டு எடுத்தார்களா விட்டார்களா என்பதை ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி கிளினிக் கொப்பிக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே வாங்கி ஏமாந்திருந்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம். அதற்குப் பற்றுச்சீட்டு வேண்டும். தவணைக்கு எடுத்தவர்கள் ஒவ்வொரு தவணைக்கும் அதைக் கேட்டு வாங்குங்கள், சாதனத்தின் பெயரும் தொடர் இலக்கமும் அதில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.