சுங்கமும் சரக்கிருப்பும்

கும்பகோணத்தை அடுத்த தாராசுரத்தில் ஐராவதேசுவரர் கோயிலை எடுப்பித்தவன் இரண்டாம் இராசராசன் (1146–1173). அவனுடைய கொள்ளுப்பாட்டனாகிய முதற் குலோத்துங்கனுக்குச் ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ என்னும் சிறப்புப்பெயர் வழங்கியது. கலத்திலும் வண்டியிலும் வரும் பண்டங்களுக்குக் கொண்ட இவ்வரியைத் திருக்குறள் ‘உல்கு’ என்று கூறும். சுங்கம் சரக்குச் செல்லும் வழியிலேயே பெறப்பட்டது; அதற்கு வணிகனின் ஏட்டைப் புரட்ட வேண்டுவதில்லை. விற்பனையின்மீதே வரி எழுந்தபோதுதான் கடைக்காரரின் பேரேடு வரியை அளக்கும் கோலாயிற்று.

அம்மாற்றம் 1939இல் நிகழ்ந்தது. மதுவிலக்கால் குறைந்த வருவாயை ஈடுசெய்யச் சென்னை மாகாணப் பிரதமர் இராசாசி பொது விற்பனை வரிச் சட்டத்தைக் கொணர்ந்தார். இந்தியாவில் இத்தகைய வரி அதுவே முதலாவது. ஆண்டு விற்றுமுதல் 10,000 ரூபாயை எட்டாத சிறு வணிகர் விலக்குப் பெற்றனர். எனினும் ஒரே பொருள் கைமாறுந்தோறும் வரி விழுந்ததால், வரியின்மேல் வரி ஏறிற்று. அக்குறையை முழுதும் நீக்கப் பல்லாண்டுகள் ஆயின. 2007 சனவரி 1இல் தமிழகத்தில் மதிப்புக் கூட்டு வரியும், 2017 சூலை 1இல் சரக்கு மற்றும் சேவை வரியும் வந்தபின், கொள்முதலில் கொடுத்த வரியை விற்பனையில் பெற்ற வரியினின்று கழித்துக்கொள்ள வழி பிறந்தது.

தாராசுரம் பட்டு நெசவுக்குப் பெயர் பெற்ற ஊர். அங்குள்ள கடையொன்றில் 10,000 ரூபாய்ச் சேலை விற்கிறது எனக் கொள்வோம். நூற்றுக்கு 5 வீதம் வரி 500 ரூபாய். வாங்குபவர் தருவது 10,500; விற்பனையோ 10,000 மட்டுமே. அந்த 500 வணிகரின் வருமானமன்று. செலுத்தும் நாள் வரையில் அவர் கையில் உள்ள அரசின் பணம். பேரேட்டில் அது கடனாகவே நிற்க வேண்டும். நூல் வாங்கியபோது 300 ரூபாய் வரி கொடுத்திருந்தால், செலுத்த வேண்டியது 200. எல்லாவற்றையும் விற்பனையென்றே எழுதிச் செலவிட்ட கடைகள் தவணை நாளில் வட்டிக்கு வாங்கி வரி கட்டுகின்றன. சமண இல்லறத்தாருக்கு இவ்வேறுபாடு புதிதன்று. உமாசுவாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தில் கள்ளாமை அணுவிரதத்தின் அதிசாரங்கள் ஐந்தனுள், நாட்டு ஆணைக்கு மாறாக நடத்தலையும், கொள்ளவும் கொடுக்கவும் வெவ்வேறு அளவுகோல் வைத்தலையும் எண்ணியுள்ளார்.

வரியினும் நுட்பமானது சரக்கிருப்பு மதிப்பீடு. ஆண்டிறுதியில் அலமாரியில் 10 சேலைகள் எஞ்சியுள்ளன; ஒன்றின் அடக்கவிலை 8,000, விற்பனை விலை 10,000. விற்பனை விலையில் எழுதினால் இருப்பு 1,00,000 ஆகும். விற்காத சேலைகளிலிருந்து 20,000 ரூபாய் இலாபம் ஏட்டில் முளைத்துவிடும். பெட்டியிலோ ஒரு காசும் கூடியிராது. ஆதலின் 80,000 என்பதே முறை. கரையின் வேலைப்பாடு வழக்கொழிந்து, சேலை 7,000 ரூபாய்க்கே போகுமெனில் 70,000 என எழுதுதல் வேண்டும். அடக்கவிலை, விற்றால் நிகரமாகக் கிடைக்கும் தொகை இவ்விரண்டில் குறைந்ததைக் கொள்வதே விதி. பட்டு நூலின் விலையோ அடிக்கடி மாறுவது. முந்தி வந்த நூல் முந்திச் செலவாயிற்று எனக் கொள்ளலாம். சராசரி விலையும் கொள்ளலாம். ஆனால் இலாபம் கூட்டிக் காட்ட ஓராண்டு ஒன்றும், குறைத்துக் காட்ட மறு ஆண்டு மற்றொன்றும் கொள்ளுதல் ஆகாது.

உள்ளதற்கு மேல் எழுதாத இம்முன்னெச்சரிக்கை சோழநாட்டில் பழமையானது. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டுகள் அணிகலன்களைக் கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என நிறுத்துப் பதிவு செய்கின்றன. பொன்னை நிறுத்த கல்லுக்கு ‘ஆடவல்லான்’ என்று பெயர். முத்துகளும் மணிகளும் எண்ணப்பட்டு, நகையின் விலை காசுக் கணக்கில் தனியே குறிக்கப்பட்டது. கோத்த சரடும் உள்ளே வைத்த அரக்கும் நிறையில் சேர்ந்திருந்தால், அவை சேர்ந்துள்ளன என்பதையும் கல்லில் வெட்டியிருக்கிறார்கள்.