முழு வீட்டின் விலை

புதுக்கோட்டையிலிருந்து காரைக்குடி செல்லும் சாலையில், திருமயத்தை ஒட்டிப் பிரியும் சிறுபாதைகளில் சென்றவர்களுக்கு அந்தத் தெருக்கள் நினைவிலிருக்கும். வண்டிகள் எதிரெதிரே தாராளமாகச் செல்லக்கூடிய அகன்ற வீதி. ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்கட்டு வாசலுமாக நீளும் வீடுகள். அவற்றில் பலவற்றின் நிலைக்கதவில் பூட்டு. இராயவரம், கடியாபட்டி, அரிமளம் என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் காட்சி ஏறத்தாழ ஒன்றுதான். செட்டிநாடு என்றதும் காரைக்குடியையும் கானாடுகாத்தானையும் மட்டும் எண்ணுகிறோம். ஆனால் நகரத்தார் ஊர்களில் கணிசமானவை பழைய புதுக்கோட்டை சமஸ்தானத்தில் இருந்தவை. அச்சமஸ்தானம் 1948 மார்ச் 3 அன்று இந்திய ஒன்றியத்தில் இணைந்தது. 1974இல் புதுக்கோட்டை தனி மாவட்டமானபோது அவ்வூர்கள் இம்மாவட்டத்தின் பங்காக வந்தன.

அத்தகைய ஊரொன்றில் நம் நண்பருக்குப் பூர்வீக வீடு இருக்கிறது. பங்காளிகள் கூடிப் பணம் போட்டு அதைப் பழுதுபார்த்தார்கள். ஒழுகிய கூரையைப் பிரித்து ஓடு மாற்றினார்கள். சிமெண்டு பூசிக் கெடுத்திருந்த சுவரைச் சுரண்டி மறுபடி சுண்ணாம்புச் சாந்து பூசினார்கள். உடைந்த இடங்களில் ஆத்தங்குடித் தளக்கல் பதித்தார்கள். வேலை முடிந்ததும்தான், இதில் குடியிருக்க யாரும் வரப்போவதில்லை என்பது எல்லோருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. விற்றுவிடலாம் என்று முடிவாயிற்று. பார்க்க வந்தவர்களில் மூவர் வந்த நாட்களில் நாமும் உடனிருந்தோம். மூவரும் கேட்ட மூன்று கேள்விகளில் அந்த வட்டாரத்தின் நூறாண்டு வரலாறு அடங்கியிருந்தது என்பதால்தான் இதை எழுதத் தோன்றியது.

முதலில் வந்தவர் முகப்பைத் தாண்டவே இல்லை. அண்ணாந்து பார்த்துக்கொண்டே, "அண்ணே, தூணு மொத்தம் எத்தன?" என்றார்.

அந்தத் தூண்கள் பர்மாத் தேக்கு. அவை எப்படி வந்தன என்பது பலரும் அறிந்த கதை. 1929-30இல் பர்மாவில் அமைந்த வங்கியியல் விசாரணைக் குழுவின் கணக்குப்படி அங்கே இயங்கிய செட்டியார் கடைகள் ஏறத்தாழ 1,650. அவற்றின் முதல் சுமார் 75 கோடி ரூபாய். கீழ்ப் பர்மாவின் நெல் விவசாயத்துக்குக் கடன் தந்து ஈட்டிய வட்டி, இங்கே வறண்ட செம்மண் பூமியில் மாளிகைகளாக எழுந்தது. பிறகு உலகப் பொருளாதாரப் பெருமந்தம் வந்தது. நெல் விலை வீழ்ந்தது. கடன் வாங்கியவர்களிடம் பணம் இல்லை. பணத்துக்கு ஈடாக நிலம் வந்து சேர்ந்தது. பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930இல் 6 விழுக்காடாக இருந்த செட்டியார் கைவச நிலம் 1938இல் 25 விழுக்காடாயிற்று. வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு அது பேராசையாகத் தெரிந்தது. உள்ளே இருந்தவர்களுக்கோ கையிலிருந்த ரொக்கமெல்லாம் சேறாக மாறிய கதை அது. 1942இல் ஜப்பானியப் படை நுழைந்தது. விடுதலை பெற்ற பர்மா 1948இல் நில நாட்டுடைமைச் சட்டம் இயற்றியது. 1960களில் நே வின் ஆட்சி எஞ்சியிருந்த வணிகத்தையும் எடுத்துக்கொண்டது. கடல் கடந்த செல்வத்தில் பலருக்கு மிஞ்சியது ஊரிலிருந்த வீடு ஒன்றுதான்.

அந்த வீட்டை விற்று வாழலாம் என்றால் அதிலும் ஒரு சிக்கல் இருந்தது. மனையின் மதிப்பு ஊரைப் பொறுத்தது. மரத்தின் மதிப்பு ஊரைப் பொறுத்ததன்று. வேலைவாய்ப்பற்ற கிராமத்து நத்தம் மனைக்கு நகரத்து விலை கிடைக்காது. ஆனால் அங்கே நிற்கும் தேக்குத் தூணை வண்டியிலேற்றிச் சென்னைக்கோ பெங்களூருக்கோ கொண்டுபோனால் நகரத்து விலை கிடைக்கும். ஆகவே இவ்வீடுகளைப் பொறுத்தவரை முழுமையின் விலையைவிட உறுப்புகளின் விலை கூடுதலாகிவிட்டது. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் நிலைகளும் தூண்களும் எனாமல் பாத்திரங்களும் இரவிவர்மா படங்களும் அடுக்கப்பட்டிருக்கும் கடைகள் இந்தக் கணக்கிலிருந்து பிறந்தவை.

சட்டமும் அறியாமலே இதற்குத் துணைநின்றது. நின்ற நிலையிலுள்ள வீடு அசையாச் சொத்து. அதை விற்கப் பத்திரம் வேண்டும், முத்திரைத் தீர்வை வேண்டும், உரிமையுள்ள அத்தனை பேரின் கையெழுத்தும் வேண்டும். ஆனால் 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், நிலத்தோடு பிணைந்திருக்கும் பொருளாயினும் பெயர்த்தெடுப்பதாக ஒப்புக்கொண்டு விற்றால் அது சரக்கு என்கிறது. அதாவது வீடாக விற்றால் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். தூணாக விற்றால் ஒரு லாரி போதும். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள்கள் சட்டம், நூறாண்டுக்குக் குறையாத கட்டடத்திலிருந்து பெயர்த்த பொருளையும் தொல்பொருள் என்கிறது. உரிமம் இல்லாமல் அதை வணிகம் செய்யலாகாது, தனியார் நாட்டைவிட்டுக் கொண்டுசெல்லலாகாது. 1925இல் குடிபுகுந்த வீடு 2025இல்தான் அந்த வரம்புக்குள் வந்தது. அதற்குள் எத்தனையோ வீடுகள் வெறும் மனையாகிவிட்டன.

தூண் கேட்டவருக்கு நண்பர் விடை சொல்லவில்லை. மோர் கொடுத்து அனுப்பிவைத்தார்.

இரண்டாவதாக வந்தவர்கள் சென்னையிலிருந்து வந்த நடுவயதுத் தம்பதி. வளவைச் சுற்றி நடந்தார்கள், முற்றத்தில் இறங்கி நின்று வானத்தைப் பார்த்தார்கள், நெகிழ்ந்தார்கள். புறப்படும்போது கணவர் கேட்டார்: "மொத்தம் எத்தனை பேர் கையெழுத்துப் போடணும்?" நண்பர் விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். இரண்டு கை விரல்களும் போதவில்லை.

இந்த எண்ணிக்கை வீட்டின் அமைப்பிலேயே எழுதப்பட்டிருக்கிறது. முகப்பும் வளவும் பொது. வளவைச் சுற்றியுள்ள அறைகள் மணமான ஒவ்வொரு மகனுக்கும் தனித்தனி. நகரத்தாரிடையே 'வேறு வைத்தல்' என்றொரு வழக்கம் உண்டு. திருமணமான மகனைத் தனிக்குடும்பமாக்கிச் சமையலையும் வரவுசெலவையும் பிரித்துவிடுவார்கள். ஆனால் கூரை ஒன்றே. அடுப்பு வேறு, வீடு ஒன்று என்ற இந்த ஏற்பாடு வணிகக் குடும்பத்துக்கு மிகப் பொருத்தமானது. ஆண்கள் கடல் கடந்து ஆண்டுக்கணக்கில் இருக்கும்போது பெண்டிரும் பிள்ளைகளும் தனித்தும் தனியாகாமலும் வாழ அது வழிசெய்தது. மூன்று தலைமுறை கழிந்தபின் அதே ஏற்பாடு ஒரு வீட்டுக்கு இருபது உரிமையாளர்களை உண்டாக்கிவிட்டது. ஒருவர் ஈப்போவில், ஒருவர் டெக்சாசில், ஒருவர் பக்கத்துத் தெருவில், ஆனால் பேச்சுவார்த்தை இல்லாமல்.

ஒரு பங்கை மட்டும் வாங்கலாமே என்றால், 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 44ஆம் பிரிவில் வழியடைக்கிறது. பிரிவினையாகாத குடும்பத்தின் குடியிருப்பில் பங்கு வாங்கிய அந்நியர், குடும்பத்தாரோடு சேர்ந்து அதை அனுபவிக்க உரிமை கோர முடியாது. அவர் பிரிவினை கேட்டு வழக்குப் போட்டால், 1893ஆம் ஆண்டின் பாகப்பிரிவினைச் சட்டம் அந்தப் பங்கை விலை கொடுத்து மீட்கும் வாய்ப்பைக் குடும்பத்தாருக்கே தருகிறது. வீடு வெறும் சொத்தன்று என்பதை ஆங்கிலேயர் வகுத்த சட்டமே ஏற்றுக்கொண்ட இடம் இது.

பெண்களின் நிலையோ மெல்ல மெல்ல மாறியது. குடியிருப்பு வீட்டில் ஆண்கள் பிரித்துக்கொள்ளும்வரை பெண்கள் பங்கு கேட்கலாகாது என்றது 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம். தமிழ்நாடு 1989இல் மகளுக்கும் பிறப்புரிமை தந்தது. ஆனால் அதற்கு முன்பே மணமானவர்களை விலக்கியது. 2005ஆம் ஆண்டின் மத்தியத் திருத்தம் அந்த இரண்டு தடைகளையும் அகற்றியது. தந்தை அப்போது உயிரோடிருந்தாரா என்று பார்க்கத் தேவையில்லை என உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்டில் தெளிவாக்கியது. இதனால், 1970களில் மணமாகிப் போன நண்பருடைய அத்தையின் கையெழுத்து முதன்முறையாக வேண்டப்படுவதாயிற்று. சென்னைத் தம்பதிக்கு இதையெல்லாம் விளக்கியபோது அவர்கள் முகம் வாடியது. பிறகு அவர்கள் வரவில்லை. அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

மூன்றாவதாக வந்தவர் விடுதித் தொழிலில் இருப்பவர். அவர் தூணையும் எண்ணவில்லை, கையெழுத்தையும் எண்ணவில்லை. கிணற்றில் நீர் ஊறுகிறதா, அறைக்கு அறை குளியலறை வைக்க இடமுண்டா என்று பார்த்தார். "இதைப் பெயர்க்காம எத்தன அறை எடுக்கலாம்?" என்பது அவர் கேள்வி. இந்த வழியும் இப்பகுதிக்குப் புதிதன்று. கடியாபட்டி இராமச்சந்திரபுரத்தின் சிதம்பர விலாஸ் மாளிகை விடுதியாகியிருக்கிறது. புதுக்கோட்டை மன்னரின் புதிய அரண்மனையே மாவட்ட ஆட்சியர் அலுவலகமாகத்தானே நிற்கிறது? சென்னைக்கருகே முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ரா, செட்டிநாட்டு வீட்டைப் பெயர்த்துக் கொண்டுபோய் மறுபடி நிறுத்திக் காத்தது. அது போற்றத்தக்க பணி. ஆயினும் தெருவை இழந்த வீடு அது. யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் 2014இல் செட்டிநாடு இடம்பெற்றபோது, தனி மாளிகைகளாக அல்லாமல் வணிகர்களின் ஊர்த்தொகுதிகள் என்றே குறிக்கப்பட்டது என்பதை இங்கே நினைவுகூர வேண்டும்.

கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டவர் வாங்க வந்தவரல்லர். நண்பரின் அத்தைதான். பட்டாலைத் தூணில் சாய்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவர், "ஏம்ப்பா, வருசப் படைப்புக்கு நாம எங்க போயி நிக்கிறது?" என்றார். முன்னோருக்குப் படைக்கும் நாளில் சிதறிக் கிடக்கும் பங்காளிகள் கூடும் இடம் அந்த வளவுதான். ஆண்டுக்கு ஒருநாள் வீட்டைத் தருவதாகப் பத்திரத்தில் எழுதிக்கொள்ளலாமா என்று நண்பர் வழக்கறிஞரிடம் விசாரித்தார். முழுதாக விற்றபின் இப்படித்தான் அனுபவிக்க வேண்டும் என்று வாங்கியவரைக் கட்டுப்படுத்துவது கடினம் என்றார் அவர். குத்தகையில் அத்தகைய நிபந்தனை செல்லும். எனவே விற்பனை குத்தகையாக மாறியது. பல ஆண்டுகளுக்கான குத்தகையென்பதால் பதிவும் செய்தார்கள். அதற்கும் எல்லோரும் கையெழுத்திட வேண்டியிருந்தது. ஆனால் விற்பதற்குச் சம்மதிக்காத பங்காளிகள் இதற்குச் சம்மதித்தார்கள். முதல் கையெழுத்து அத்தையுடையது.

இந்த முடிவு எல்லா வீட்டுக்கும் வாய்க்காது. விடுதியாக்கத் தக்க வீடுகள் சில. பூட்டிக் கிடப்பவை பல. வீட்டை ஒருவர் தன் விருப்பப்படி விற்றுவிடாமல் இத்தனை காலம் காத்தது கூட்டுரிமைதான். காக்கக்கூடியவர் வாங்க வந்தபோது அவரைத் திருப்பியனுப்பியதும் அதே கூட்டுரிமைதான். கையெழுத்துகள் சேராத வீடு ஒழுகுகிறது. ஒழுகிய வீடு சரிகிறது. சரிந்த வீட்டிலிருந்து தூண் மட்டும் எளிதாக வெளியேறுகிறது. ஆதலின் விற்க எண்ணுபவர்கள் கூரையைப் பழுதுபார்ப்பதற்கு முன்பே பங்குகளைப் பழுதுபார்க்க வேண்டும். யார் யாருக்கு உரிமை, யார் விடுதலைப் பத்திரம் தருவார், யாருக்காகக் காத்திருக்க வேண்டும் என்பதை முதியவர்கள் இருக்கும்போதே எழுதி வைத்துவிட வேண்டும். அவர்கள் போனபின் ஒவ்வொரு கையெழுத்தும் நான்காகப் பெருகும்.

சென்ற படைப்பன்று நாமும் அழைக்கப்பட்டிருந்தோம். விடுதிக்காரர் சொன்ன சொல் தவறாமல் வளவை ஒழித்துக் கொடுத்திருந்தார். ஈப்போவிலிருந்து வந்த பங்காளி, பக்கத்துத் தெருப் பங்காளியின் இலைக்கு அடுத்த இலையில் உட்கார்ந்திருந்தார்.