கேபிள் வழியே வந்த வெற்றி

1996 பிப்ரவரி 27 அன்று ஜப்பானில் 'பாக்கெட் மான்ஸ்டர்ஸ்' என்ற பெயரில் சிவப்பு, பச்சை என இரண்டு கேசட்டுகள் விற்பனைக்கு வந்தன. கடை வாசலில் கூட்டம் அலைமோதவில்லை. அந்த கேசட்டுகள் ஓடும் நிண்டெண்டோவின் கேம் பாய் கருவி 1989இல் வந்தது. அதன் சின்னத் திரையில் தெரிவதெல்லாம் நான்கே சாயல்கள், வண்ணம் கிடையாது. பிளேஸ்டேஷன், சாட்டர்ன் என்ற கேம் கருவிகள் 1994 கடைசியிலேயே வந்து முப்பரிமாணக் காட்சிகளை வீட்டுக்குள் கொண்டுவந்திருந்தன. கேம் பாயின் காலம் முடிந்தது என்ற பேச்சு பரவலாக இருந்தது. அந்தக் கருவிக்காக, அதுவும் நிதானமாக ஆட வேண்டிய ரோல் பிளேயிங் வகையில், ஒரு புது கேமை யார் தேடி வாங்குவார்கள்?

அதை உருவாக்கிய சதோஷி தஜிரி, டோக்கியோவின் புறநகரான மாச்சிதாவில் பூச்சி பிடித்துத் திரிந்த பிள்ளை. வயல்களும் குளங்களும் கட்டடங்களாக மாறுவதைப் பார்த்தபடி வளர்ந்தவர். 1983இல் வீடியோ கேம் குறிப்புகளுக்காக 'கேம் ஃப்ரீக்' என்ற சிறு பத்திரிகையைத் தன் கையாலேயே எழுதி, பிரதியெடுத்து விற்றார். ஓவியர் கென் சுகிமோரி அதன் வழியாகத்தான் அவருக்குத் தோழரானார். 1989இல் அதே பெயரில் நிறுவனம் பிறந்தது. 'பாக்கெட் மான்ஸ்டர்ஸ்' முடிய ஆறு ஆண்டுகள் ஆயின. இடையில் பணம் வற்றியது. ஊழியர்கள் சிலர் விலகினார்கள். தஜிரி தனக்கென்று சம்பளம் எடுக்காமல் தந்தையின் ஆதரவில் காலம் தள்ளினார்.

இத்தனை பாடுகளுக்கு இடையிலும் அவரைத் தாங்கிப் பிடித்தது ஒரு கேபிள். இரண்டு கேம் பாய்களை இணைக்கும் லிங்க் கேபிளை அதுவரை பெரும்பாலும் இருவர் மோதிப் பார்க்கவே பயன்படுத்தினார்கள். தஜிரியின் கற்பனையில் அதன் வழியே பூச்சிகள் ஊர்ந்து அந்தப் பக்கம் போயின. முன்பு 'டிராகன் குவெஸ்ட் 2' ஆடியபோது அவர் தேடித் தேடியும் கிடைக்காத அபூர்வமான தொப்பி சுகிமோரியிடம் இரண்டு இருந்தது. அதில் ஒன்றை வாங்கிக்கொள்ள வழியில்லை. அந்த ஏக்கத்துக்கும் கேபிள் விடை தந்தது.

ஒரே கேமை இரண்டு பதிப்பாக வெளியிடும் யோசனை நிண்டெண்டோவின் ஷிகேரு மியாமோட்டோ தந்தது என்பார்கள். விதவிதமான உயிரினங்களைப் பிடித்துச் சேர்ப்பதுதான் ஆட்டம். சிவப்பு கேசட்டில் ஈகான்ஸ் என்ற பாம்பு கிடைக்கும், சாண்ட்ஷ்ரூ என்ற உயிரினம் கிடைக்காது. பச்சையில் அப்படியே தலைகீழ். ஹாண்டர், கடாப்ரா போன்ற நான்கு உயிரினங்கள் இன்னொருவர் கைக்கு மாறினால்தான் அடுத்த வடிவத்துக்கு வளரும். எத்தனை கெட்டிக்காரப் பிள்ளையானாலும் தனியாக உட்கார்ந்து 150 உயிரினங்களையும் சேர்க்க முடியாது. பக்கத்து வீட்டுப் பையனிடமோ வகுப்புத் தோழியிடமோ போய்ப் பேரம் பேசியே ஆக வேண்டும். ஒரு பிள்ளை வாங்கினால் அதன் தோழனுக்கும் ஒன்று தேவைப்படும்படி கேம் அமைந்திருந்தது. விளம்பரம் செய்ய வேண்டிய வேலையைப் பள்ளி மைதானமே செய்தது.

அதோடு ஒரு ரகசியமும் சேர்ந்தது. பிழைகளைச் சோதிக்கும் நிரலை இறுதியில் நீக்கியபோது கேசட்டில் சுமார் 300 பைட் இடம் மிஞ்சியது. நிரலாளர் ஷிகேகி மொரிமோட்டோ அதில் மியூ என்ற 151ஆவது உயிரினத்தைச் செருகிவைத்தார். நேர்வழியில் ஆடுபவர் கண்ணில் அது படாது. ஆனால் நிரலில் இருந்த பிழைகளால் சிலருக்குத் தென்பட்டுவிட, பிள்ளைகளிடையே வதந்தி பரவியது. சிறுவர் இதழான 'கொரோ கொரோ காமிக்' 1996 வசந்தத்தில் 20 வாசகர்களுக்கு மியூ தருவதாக அறிவித்தது. வந்து குவிந்த விண்ணப்பங்கள் சுமார் 78,000. அதன்பின் ஒரு மாதத்தில் விற்ற அளவு ஒரே வாரத்தில் விற்கத் தொடங்கியது. அக்டோபரில் நீலப் பதிப்பு அதே இதழின் வாசகர்களுக்கு அஞ்சல்வழி விற்பனையாக வந்தது.

பொதுவாக வீடியோ கேம் விற்பனை முதல் சில வாரங்களில் உச்சம் தொட்டுச் சரியும். இது ஏறிக்கொண்டே போனது. 1997 ஏப்ரலில் தொலைக்காட்சித் தொடர் தொடங்கியது. அந்த டிசம்பரில் ஒரு காட்சியின் மின்னல் வெளிச்சத்தால் அறுநூறுக்கும் அதிகமான பிள்ளைகள் மருத்துவமனைக்குப் போக நேர்ந்து, தொடர் நான்கு மாதம் நின்றது. கேமின் ஓட்டம் அதனால் நிற்கவில்லை. ஜப்பானில் மட்டும் மூன்று பதிப்புகளும் சேர்ந்து 1 கோடிக்கு மேல் விற்றன.

அமெரிக்கப் பிள்ளைகளுக்கு இந்த வகை கேம் பிடிக்காது, இந்தச் செல்ல உருவங்கள் எடுபடாது என்ற தயக்கம் நிண்டெண்டோவின் அமெரிக்கக் கிளையில் இருந்தது. உருவங்களை முரட்டுத்தனமாக மாற்றலாம் என்ற யோசனையை நிண்டெண்டோவின் தலைவர் ஹிரோஷி யமவுச்சி ஏற்கவில்லை. 1998 ஆகஸ்டில் கான்சாஸ் மாநிலத்தின் டொபீகா நகரம் ஒரு நாளைக்குத் தன் பெயரையே 'டொபிகாச்சு' என்று மாற்றிக்கொண்டது. வானிலிருந்து, கேமில் வரும் பிகாச்சு என்ற உயிரினத்தின் பொம்மைகள் பாராசூட்டில் இறங்கின. செப்டம்பர் 28இல் சிவப்பும் நீலமும் அங்கே கடைக்கு வந்தன.

விமர்சகர்களின் வரவேற்பும் நன்றாகவே இருந்தது. ஐஜிஎன் தளம் 10க்கு 10 கொடுத்து, எல்லாவற்றையும் பிடித்துத் தீர்க்கும் சவாலே பெரிய ஈர்ப்பு என்றது. கேம்ஸ்பாட் தளம் படமும் ஒலியும் பழசு என்று குறை சொன்னாலும், செல்லத் தோற்றத்துக்கு அடியில் ஆழமான ஆட்டம் இருப்பதைப் பாராட்டியது. ஆனால் இந்த மதிப்பெண்கள் வந்தபோது ஜப்பானியப் பிள்ளைகள் தங்கள் தீர்ப்பை எப்போதோ சொல்லி முடித்திருந்தார்கள்.

சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் உலகம் முழுவதும் 3.1 கோடிக்கு மேல் விற்றன. இந்த வெற்றியில் கேபிளுக்கும் அதை இரு முனையிலும் பிடித்திருந்த பிள்ளைகளுக்கும் உள்ள பங்கை, பின்னால் வந்த விளம்பரங்களோடு ஒப்பிடவே முடியாது. கேம் ஃப்ரீக்குக்கும் அது தெரிந்திருந்தது. 1999 நவம்பரில் தங்கம், வெள்ளிப் பதிப்புகளை வெளியிட்டபோது, பழைய கேசட்டில் வளர்த்த உயிரினங்களைக் கேபிள் வழியே புதியதற்குக் கொண்டுவரும் வசதியையும் சேர்த்தே கொடுத்தது.