புள்ளியா, பசியா? சிலோன் காப்பியை அழித்த இலை நோயும் எங்க வீட்டு ஆர்க்கிட்டும்

எங்க மாடியில நடந்த ஒரு சின்ன தோல்வியில இருந்து இந்த எபிசோடை ஆரம்பிக்கிறேன்.

திருவொற்றியூர்ல எங்க மொட்டை மாடியில பச்சை வலை கட்டி பத்து டென்ட்ரோபியம் ஆர்க்கிட் வளர்க்கிறோம். வளர்க்கிறது அம்மா, கருத்து சொல்றது நான். ரெண்டு தொட்டியில அடி இலைகள் மஞ்சளாகி, அதுமேல பழுப்புப் புள்ளிகள் வந்தது. சத்துக் குறைபாடுதான்னு நானே முடிவு பண்ணிட்டேன். தண்ணியில கரையுற 19:19:19 உரத்தை ரெண்டு மடங்கு கலந்து ஊத்தினேன். பத்து நாள்ல இலை நுனியெல்லாம் கருகிப்போச்சு. புள்ளி மட்டும் நிம்மதியா பக்கத்துத் தொட்டிக்குப் போயிருந்தது. அம்மா பார்த்துட்டு, "டேய், அதுக்குப் பசிக்குதுன்னு உன்கிட்ட வந்து சொல்லிச்சா?"ன்னு கேட்டாங்க.

ஆபீஸ்ல இதே தப்பை யாராவது பண்ணா நான் சும்மா விடமாட்டேன். சர்வர் ஏன் விழுந்ததுன்னு லாக் பார்க்காம, மெமரியை ஏத்துன்னு சொல்ற ஆள் மாதிரி நடந்திருக்கேன். ஆனா இதே தப்பை 150 வருஷத்துக்கு முன்னாடி ஒரு நாடே பண்ணியிருக்கு. அதுக்கான விலையில பெரும் பங்கைக் கொடுத்தது தமிழ்நாட்டுல இருந்து போன சனங்க.

மடூல்சீமையில் ஒரு ஆரஞ்சுப் புள்ளி

1860-களில் சிலோன் உலகத்தின் பெரிய காப்பி நாடுகளில் ஒன்று. மலைக்காடுகளை வெட்டி, மலைக்கு மலை ஒரே செடியை நட்டிருந்தார்கள். 1869-ல் மடூல்சீமைப் பக்கம் ஒரு தோட்டத்தில் இலைகளின் அடிப்பக்கம் ஆரஞ்சு நிறப் பொடி படிந்த புள்ளிகள் தென்பட்டன. பேராதனைத் தாவரவியல் பூங்காவின் இயக்குநர் த்வைட்ஸ் அந்த இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அவை போய்ச் சேர்ந்தது மைல்ஸ் பெர்க்லி என்ற பாதிரியாரிடம். இவர் சாதாரண ஆள் இல்லை. அயர்லாந்துப் பஞ்சத்துக்குக் காரணமான உருளைக்கிழங்கு நோய் ஒரு பூஞ்சையால்தான் வருதுன்னு 1846-லேயே வாதாடினவர். காப்பி இலையில் இருந்த புதுப் பூஞ்சைக்கு அவர் வைத்த பெயர் ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ். ரெண்டாவது சொல்லுக்கு 'நாசம் செய்பவள்' என்று அர்த்தம். பெயரிலேயே எச்சரிக்கை இருந்தது.

தோட்டக்காரர்களில் பலர் அதைக் காதில் வாங்கவில்லை. மண் சோர்ந்துபோச்சு, மழை சரியில்லை, செடி பலவீனமா இருக்கிறதால்தான் பூஞ்சை வருது, எரு போட்டால் சரியாகிவிடும் என்றார்கள். இதை வெறும் முட்டாள்தனம்னு சொல்ல முடியாது. எரு போட்டதும் செடி புது இலை விட்டது. கொஞ்ச நாள் பச்சையாத் தெரிந்தது. அந்த நேரத்தில் உலகச் சந்தையில் காப்பி விலையும் ஏறியதால், விளைச்சல் குறைந்தும் பணம் வந்துகொண்டிருந்தது. அதனால் இன்னும் காடு வெட்டி இன்னும் காப்பி நட்டார்கள்.

இதே வருஷங்களில் இந்தப் பக்கம் என்ன நடந்தது? 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தில் தாது வருஷப் பஞ்சம். திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, ராமநாதபுரம் பக்கத்து ஊர்களில் இருந்து மக்கள் கங்காணிகள் பின்னால் கிளம்பி, படகில் மன்னார்ப் பக்கம் இறங்கி, காட்டு வழியில் மாத்தளை வரை நடந்தார்கள். வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். மனுஷங்க பசியோட நடந்து போன அந்த மலையில, செடிக்குப் பசின்னு எரு கொட்டிக்கிட்டு இருந்தாங்க.

கண்ணாடித் துண்டோடு வந்த இளைஞர்

1880-ல் அரசாங்கம் ஹாரி மார்ஷல் வார்டு என்ற தாவரவியலாளரைச் சிலோனுக்கு அனுப்பியது. வயசு இருபத்தஞ்சு, இருபத்தாறுதான். என்னைவிடச் சின்னவர். அவர் செய்த வேலையைப் படிக்கும்போது, ஒரு நல்ல இஞ்சினியர் பிழை தேடுவது மாதிரியே இருக்கும்.

பூஞ்சை வித்துகள் கலந்த நீர்த்துளியை நல்ல இலையில் வைத்தார். துளி வைத்த இடத்தில், ஏறக்குறைய ரெண்டு வாரம் கழித்து, ஆரஞ்சுப் புள்ளி வந்தது. துளி வைக்காத இலை சுத்தமா இருந்தது. இலையின் அடிப்பக்கத் துளைகள் வழியாகத்தான் பூஞ்சை உள்ளே போகிறது, அதற்கு ஈரம் வேண்டும் என்று காட்டினார். பசை தடவிய கண்ணாடித் துண்டுகளைத் தோட்டத்தில் வைத்து, காற்றில் பறந்து வரும் வித்துகளைப் பிடித்துக் காட்டினார்.

அவர் சொன்னதில் எனக்கு ரொம்ப முக்கியமாப் பட்டது வேற ஒண்ணு. செடியில் பசி இருந்தது உண்மைதான். ஆனா அது நோயின் விளைவு. இலைதான் செடிக்குச் சமையலறை. பூஞ்சை இலையை உதிர்த்துவிட்டால் வேரில் எவ்வளவு எரு கொட்டினாலும் சமைக்க இடமில்லை. எருவால் வந்த புது இலையும் பூஞ்சைக்கு அடுத்த வேளைச் சாப்பாடாகப் போனது.

வார்டிடம் மருந்து இல்லை. சுண்ணாம்பு, கந்தகம் தூவலாம், அதுவும் வித்து முளைப்பதற்கு முன்னால்தான் பயன் என்றார். மலை முழுக்க ஒரே பயிர் இருக்கும்வரை காற்று தன் வேலையைச் செய்யும். 1882-ல் அவர் கிளம்பிவிட்டார். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை பற்றி பிரான்சில் மில்லார்டே வெளியிட்டது 1885-ல். அதற்குள் சிலோனில் நேரம் கடந்துவிட்டது. 1870-ல் 10 கோடி பவுண்டைத் தாண்டிய காப்பி ஏற்றுமதி, 1889-ல் சுமார் 50 லட்சம் பவுண்டு. 1884-ல் ஓரியண்டல் வங்கி திவாலானது. தோட்டங்கள் விழுந்தபோது கூலி பாக்கியோடு நின்றவர்கள் நம்ம ஊர்க்காரர்கள்.

காப்பி இருந்த மலையில் தேயிலை வந்தது. காப்பிக்குப் பருவத்துக்குப் போய் வந்தால் போதும். தேயிலைக்கு வருஷம் முழுக்க ஆள் வேணும். குடும்பங்கள் அங்கேயே தங்கின. அவர்களில் பெரும்பாலோரின் குடியுரிமையை 1948-ல் சட்டம் பறித்தது. 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவானது. இதுக்கெல்லாம் ஒரு பூஞ்சை மட்டும் காரணம்னு சொல்ல மாட்டேன். ஆனா அந்தச் சங்கிலியில இலைப் புள்ளியும் ஒரு கண்ணி.

திரும்ப மாடிக்கு

சரி, பசியை எப்படிக் கண்டுபிடிக்கிறது? 1840-களிலேயே பிரான்சில் க்ரீஸ் என்பவர், வெளிறிய இலையில் இரும்பு உப்புக் கரைசலைத் தடவி அது பச்சையாவதைக் காட்டினார். 1860 வாக்கில் ஜெர்மனியில் சாக்ஸும் க்னோப்பும் மண்ணே இல்லாமல் நீரில் செடி வளர்த்து, ஒவ்வொரு சத்தா நிறுத்திப் பார்த்தார்கள். இந்த மாதிரி சோதனைகளின் வழியில் வந்ததுதான் இன்றைக்கும் நாம் வைத்திருக்கும் விதி. நைட்ரஜன், மக்னீசியம் மாதிரி செடிக்குள் இடம் மாறும் சத்து குறைந்தால் முதலில் மஞ்சளாவது கிழ இலை. இரும்பு, கால்சியம் மாதிரி இடம் மாறாதது குறைந்தால் பாதிப்பு இளம் இலையில். எங்க ஏரியா போர் தண்ணி மாதிரி கடினத் தண்ணியில இரும்பு இருந்தும் செடிக்குக் கிடைக்காமப் போகலாம்.

பசி பொதுவா ஒழுங்கா வரும், இலையோட ரெண்டு பாதியிலும் ஒரே மாதிரி. பூஞ்சைப் புள்ளி அங்கங்கே வரும், சுற்றி மஞ்சள் வளையம் இருக்கலாம், பக்கத்துச் செடிக்குப் பரவும். தண்ணி கோத்த மாதிரி வேகமா அழுகி நாத்தம் அடிச்சா பாக்டீரியா. வெயில் படுற பக்கம் மட்டும் காய்ஞ்சு, பரவாம நின்னா வெயில் சூடு. ஈரத்துணியால துடைச்சதும் போயிட்டா அது நோயே இல்ல, எண்ணூர் காத்து. அடிப்பக்கம் ஆரஞ்சுப் பொடி இருந்தா நம்ம கதாநாயகியோட சொந்தக்காரங்க. ஹெமிலியா இனத்துல ஆர்க்கிட்டைத் தாக்குற வகைகளும் உண்டு.

எங்க வீட்டுல வந்தது சாதாரணப் பூஞ்சைப் புள்ளி. தொட்டிகளை நெருக்கி வச்சு, ராத்திரியில தண்ணி ஊத்தினது என் வேலை நேரத்துக்கு வசதி, பூஞ்சைக்கும் வசதி. அடி மஞ்சள்ல பாதி, டென்ட்ரோபியம் பழைய தண்டுல இயல்பா உதிர்க்கிற இலை. இப்போ புள்ளி இலைகளை, ஒவ்வொரு வெட்டுக்கும் பிளேடைச் சுத்தம் பண்ணி வெட்டியாச்சு. தொட்டிகளைத் தள்ளி வச்சு, கரித்துண்டுல தங்கின உர உப்பு போக நல்ல தண்ணி விட்டு அலசி, காலையில மட்டும் தண்ணி. ஒரு செடி பிழைக்கல. அது நான் ஊத்தின உரத்தால போனது.

உங்க வீட்டுச் செடியில புள்ளி இருந்தா எனக்குப் படம் அனுப்புங்க. ஆனா இலையோட ரெண்டு பக்கமும் எடுத்து அனுப்புங்க. உரம் வாங்குறதுக்கு முன்னாடி அனுப்புங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.